ஃபிளெக்ஸ் முந்திக்கொண்டது

அருள்குமாருக்கு ஒருவர் மேல் பிரியம் வந்துவிட்டால் அது பத்தடிக்கு எட்டடிக்குக் குறைந்து வெளியே வராது. உடுமலைப்பேட்டையில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறவர். அக்கா மகள் லோகப்பிரியாவுக்குக் காது குத்தியபோது ஒரு ஃபிளெக்ஸ், சீர் செய்தபோது ஒரு ஃபிளெக்ஸ், பத்தாவது பாஸானதற்கு ஒன்று, பன்னிரண்டாவதுக்கு ஒன்று. டெங்குக் காய்ச்சலில் கிடந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதற்குக்கூட ‘மீண்டு வந்த எங்கள் தங்கமே’ என்று பஸ் ரோட்டில் புதூர்ப் பிரிவில் ஒன்றை நட்டு வைத்தார். அதைப் பார்த்துவிட்டு விசாரிக்க வந்தவர்களுக்குக் காபி போட்டுப் போட்டே லோகாவின் அம்மா கலாமணி படுத்துக்கொண்டாள்.

அதனால்தான் இந்த முறை லோகா முன்கூட்டியே மாமாவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள்.

“மாமா, இதுக்கு மட்டும் வேண்டாமுங்க. நானாச் சொல்ற வரைக்கும் நீங்க யாருகிட்டயும் வாயே தொறக்கக் கூடாது.”

“எம்மேல நம்பிக்கை இல்லியா கண்ணு?” என்றார் அருள்குமார். அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். லோகாவுக்கும் வந்தது.

விஷயம் இதுதான். லோகா படித்தது பல்லடம் ரோட்டில் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னக் கல்லூரி. பி.எஸ்ஸி. கணிதம். ஒரு பஸ், ஒரு கேன்டீன், ஒரு அறையில் அடங்கிவிடும் நூலகம். குறை சொல்ல ஒன்றுமில்லை. கணிதத்துறையில் முதலாண்டுப் பிள்ளைகள் ஒரு ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்தால் அடங்கிவிடுவார்கள். ஆனால் பாதி வருடத்தில் அல்ஜீப்ரா எடுத்தவர் பேங்க் வேலை கிடைத்துப் போனார். புது ஆள் வரவில்லை. லோகா தேடிய புத்தகத்தை யாரோ செல்போனில் படம் பிடித்துப் போட்டிருந்ததை வைத்துத்தான் படித்தாள். அதில் நடுவே நடுவே அந்த ஆளின் கட்டைவிரலும் சேர்ந்து விழுந்திருந்தது.

இந்த நேரத்தில் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கல்லூரியில் இரண்டாமாண்டுக் கணிதத்தில் ஒரே ஒரு இடம் காலியானது. அங்கே இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ப்ளஸ் டூ முடித்தபோது லோகாவே அங்கே விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவள்தான். சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணம் என்று வகுப்புத் தோழி சாயிரா பானுவிடம் புளுகிவிட்டு, அப்பாவோடு நேர்முகத்துக்குப் போய்வந்தாள். அந்தக் கல்லூரி நூலகத்தில் அவள் தேடிய புத்தகம் மூன்று பிரதி வரிசையாக இருந்தது. கட்டைவிரல் இல்லாத பக்கங்கள். அதைப் புரட்டியவளுக்குத் திருப்பி வைக்க மனசு வரவில்லை. ஒரு வாரத்தில் போனும் வந்தது: இடம் அவளுக்குத்தான், ஆனால் இப்போது படிக்கிற கல்லூரியிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி.யும், டி.சி.யும் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிற அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்த என்.ஓ.சி.தான் கண்டம். பிரின்சிபால் கோபாலசாமி யாரையும் கடிந்து பேசாதவர். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. போன வருடம் உதய் என்று ஒரு பையன் இதே மாதிரி வேறு கல்லூரிக்குப் போக என்.ஓ.சி. கேட்டான். “அதுக்கென்னங்க தம்பி, நாளைக்கு வாங்க” என்றார். அவன் மறுநாள் போனான். “நாளைக்கு வாங்க” என்றார். அந்த நாளை வருவதற்குள் அங்கே இடம் போய்விட்டது. உதய் இன்னும் இங்கேதான் படிக்கிறான். பிரின்சிபாலைப் பார்த்தால் வணக்கமும் வைக்கிறான், அவரும் அன்பாகச் சிரிக்கிறார்.

ஆனால் லோகாவின் அப்பா பாலுசாமிக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தப் பக்கத்தில் எந்தக் காரியமானாலும் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதி முடிந்த மாதிரி. சொல்லாமல் விட்டால் அண்ணன் தம்பிகள் பத்து வருடம் பேசாமல் இருந்துவிடுவார்கள். போனில் சொன்னது கணக்கில் சேராது. உறவுக்காரன் மூலம் சொல்லியனுப்பினால் அது வேறு தப்பு. ஆகவே புதன்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு அப்பாவும் மகளும் கல்லூரிக்கே போய்ப் பிரின்சிபாலிடம் பக்குவமாகச் சொல்வது என்று முடிவானது. அதற்காகப் பாலுசாமி சட்டையைக்கூடத் தேய்த்து மாட்டி வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் சாயிரா போன் செய்தாள். அவள் டைப்ரைட்டிங் வகுப்புக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள்.

“லோகா, புதூர்ப் பிரிவுல உம்மூஞ்சி நிக்குது.”

“என்ன சொல்ற?”

“‘கோவையைக் கலக்கக் கிளம்பிவிட்ட கணிதப் புயலே’ன்னு போட்டிருக்குது. காலேஜ் பேரும் போட்டிருக்குது.” பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலையா புள்ள உனக்கு?”

சாயிராவின் குரலில் கோபம் பாதிதான் இருந்தது. மீதி என்னவென்று லோகாவுக்குப் பிடிபடவில்லை.

“செரி, அதை அப்புறம் பேசிக்கலாம். பிரின்சிபால் காரு அந்த வழியாத்தான் போகும். மொதல்ல அதைக் கழட்டச் சொல்லு” என்று சாயிரா வைத்துவிட்டாள்.

பாலுசாமி வண்டியை முறுக்கிக்கொண்டு போனார். லோகா பின்னால் உட்கார்ந்திருந்தாள். பிரிவில் பேக்கரிக்குப் பக்கத்தில் அவள் பத்தடிக்கு நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு. முதுகுக்குப் பின்னால் ஒரு புயல் சுழன்றது. கீழே வரிசையாக உறவுக்காரர்கள், வட்ட வட்டமாக, பெயரோடு. கட்டையில் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தவர் சாட்சாத் அருள்குமார்.

“மாமா! வாய் தொறக்க மாட்டேன்னு சொன்னீங்களே!”

“தொறக்கவே இல்லியே கண்ணு,” என்றார் அருள்குமார், உண்மையாகவே புண்பட்டுப்போய். “நான் ஒரு ஆளுகிட்டப் பேசியிருந்தாக் கேளு. ஃபிளெக்ஸ்தானே வெச்சேன்?”

பாலுசாமி மச்சினனை நகர்த்திவிட்டு ஆணிகளைப் பிடுங்கினார். பேக்கரிக்காரரைக் கேட்டதில் பிரின்சிபால் கார் இன்னும் போகவில்லை என்றார். தப்பித்தோம் என்றிருந்தது. பாலுசாமி ஃபிளெக்ஸைச் சுருட்டி வண்டியில் குறுக்கே வைத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் எரித்திருக்கலாம், அட்டாலியில் ஏற்றிப் போட்டிருக்கலாம். ஆனால் அவர் தென்னை விவசாயி. ஓட்டை ஒன்றுகூட இல்லாத புது ஃபிளெக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியெல்லாம் வீணடிக்க அவருக்கு மனசு வராது. வானம் வேறு ஆனைமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நேராகக் களத்துக்குக் கொண்டுபோய்க் கொப்பரை காயப் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். மழை வந்தால் மூடுவதற்கு ஆகும்.

மதியச் சாப்பாடு முடிந்து, லோகா என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பிரின்சிபால் கோபாலசாமி இறங்கினார்.

கலாமணி சேலைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்தாள். ஃபிளெக்ஸ் கட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த அருள்குமார் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கோபாலசாமி காபியை வாங்கிக் குடித்து, தென்னைக்கு வெள்ளை ஈ எப்படி இருக்கிறது என்று விசாரித்து, அப்புறம்தான் மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

“ஒண்ணுமில்லீங்க. அட்மிசன் நேரமுங்களா, அம்மணி கணக்குல நூத்துக்கு நூறு வாங்கியிருக்குதுங்களா. காலேஜ் பஸ்ஸுக்குப் பின்னாடி அம்மணி போட்டோவைப் போடலாம்னு மேனேஜ்மென்ட்ல சொல்லிப்போட்டேன். பொண்ணுப் புள்ள போட்டோ பாருங்க. உங்களை ஒரு வார்த்தை நேர்ல கேக்காமப் போட்டா நல்லாருக்காதுங்களே. அதான் வந்தனுங்க.”

பாலுசாமி லோகாவைப் பார்த்தார். லோகா அப்பாவைப் பார்த்தாள். இப்போதே சொல்லிவிடலாம், நல்ல நேரம்தான் என்று அவள் வாயெடுத்தபோது ஓட்டின் மேல் படபடவென்று சத்தம் கேட்டது.

“ஐயோ, கொப்பரை!” என்று கலாமணி எழுந்து ஓடினாள்.

கொப்பரை நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். இந்த ஊரில் பிறந்த யாரும் அதைக் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். கோபாலசாமிக்கும் சொந்தமாகத் தோப்பும் களமும் உண்டு. பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு அவரும் ஓடினார். பாலுசாமி கொப்பரையைக் கூட்டிக் குவிக்க, அருள்குமார் கைக்கு வந்ததை இழுத்து விரித்தார். ஆனிக் காற்று சும்மா விடவில்லை. விரித்ததைத் தூக்கிப் புரட்டிப் போட்டது. “அந்த முனையைப் புடிங்க சார்!” என்று அவர் கத்த, கோபாலசாமி எட்டி ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கல்லை வைத்தார். நிமிர்ந்து பார்த்தார்.

மழையில் நனைந்தபடி கணிதப் புயல் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தது. அவர் கல் வைத்த முனையில்தான் கோயம்புத்தூர்க் கல்லூரியின் பெயர் இருந்தது, சிவப்பு எழுத்தில், மஞ்சள் கரையோடு.

எல்லோரும் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். கோபாலசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

“கீழ கூலிங்கிளாஸ் போட்டிருக்குற தம்பி யாருங்க?” என்றார் கடைசியில்.

“அது எங்க பெரியப்பா பேரனுங்க சார்,” என்றார் அருள்குமார்.

“அம்மணிக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தாருங்களா?”

“இல்லீங்க. கீழ் வரிசையில ஒரு எடம் காலியா இருந்துச்சுங்க. அதான்…”

“காலியா இருந்துச்சுங்களா,” என்றார் கோபாலசாமி. அதை அவர் சொன்ன விதத்தில் லோகா தலையைக் குனிந்துகொண்டாள். அல்ஜீப்ரா வாத்தியார் போனபிறகு மிச்சப் பாடத்தை எடுத்தவர் அவர்தான். ஆபீஸ் வேலை முடிந்து, சட்டைக் கையில் சாக்பீஸ் தூளோடு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து எடுத்தார்.

“சார், நாலு மணிக்கு உங்களைப் பாக்க வர்றதா இருந்தமுங்க. சத்தியமாங்க. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லோணும்னு இருந்தோம். இது மாமா தெரியாம வெச்சுப்போட்டாங்க.”

“வர்றதா இருந்தீங்க. செரிங்க அம்மணி.”

“என்.ஓ.சி. வேணுமுங்க சார். இந்த வாரத்துக்குள்ள.”

“அதுக்கென்னங்க,” என்று கோபாலசாமி அன்பாகச் சொன்னார். “நாளைக்கு வாங்க.”

காபி நன்றாக இருந்ததாகக் கலாமணியிடம் சொன்னார். போயிட்டு வாரனுங்க என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு, நனைந்த பேன்ட்டோடு காரில் ஏறிப் போனார். போட்டோ பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட லோகாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை போனார்கள். பிரின்சிபால் மீட்டிங்கில் இருந்தார், வெளியே வந்து நாற்காலி போடச் சொல்லி, டீ வாங்கித் தரச் சொல்லி, நாளைக்கு வாங்க என்றார். வெள்ளிக்கிழமை காலையில் போனார்கள். வராந்தாவிலேயே பார்த்துவிட்டார். “வெயில்ல அலையறீங்களே,” என்று வருத்தப்பட்டார். நாளைக்கு வாங்க என்றார். தூரத்தில் உதய் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வையிலேயே எல்லாம் இருந்தது.

வீட்டில் அருள்குமார் பரிகாரம் ஒன்று யோசித்து வைத்திருந்தார். பிரின்சிபால் படத்தைப் பெரிதாகப் போட்டு, ‘கல்விக் கண் திறந்த வள்ளலே’ என்று இருபதுக்குப் பத்தில் ஒன்று. கலாமணி தம்பியின் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். லோகா அறைக்குள் போய் முகத்தை மூடிக்கொண்டு படுத்தாள். கிடைக்காத ஒன்று கிடைக்காமல் போவது வேறு. கிடைத்துவிட்டுப் போவதை நினைத்தால் அழுகைதான் வந்தது.

மத்தியானம் சாயிரா போன் செய்தாள்.

“குடுத்தாரா?”

“நாளைக்கு வரச் சொன்னாரு.”

“அந்த நாளைக்கா?”

“அந்த நாளைக்கேதான். சாயிரா, உங்கிட்ட நான்…”

“அதை விடு புள்ள. நான் சொல்றதைக் கேளு. எங்க அக்கா நிக்காவுக்குப் பெரிய மாமுவுக்குப் பத்திரிகையைத் தபால்ல அனுப்பிச்சுட்டாங்க. தெரியாம நடந்துபோச்சு. அவரு வரமாட்டேன்னு உக்காந்துட்டாரு. அப்புறம் அத்தா என்ன செஞ்சாரு தெரியுமா? வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் தட்டுல வெச்சு, ஊட்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயி, மொதமொதல்ல சொல்ற மாதிரியே சொன்னாரு. மாமுவும் மொதமொதல்ல கேக்கற மாதிரியே, ‘அப்படியா, கல்யாணமா, எப்போ?’ன்னு கேட்டாரு. பத்திரிகை அவரு மேசை மேலயே கெடந்துச்சு. ரெண்டு பேரும் அதைக் கண்டுக்கவே இல்ல. கல்யாணத்துல அவருதான் முன்னால நின்னாரு.”

லோகா எழுந்து உட்கார்ந்தாள்.

“காலேஜுக்குப் போகாதீங்க. அங்க அவரு பிரின்சிபாலு. அவரு ஊட்டுக்குப் போங்க. இன்னிக்கே போ. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள நீ அங்க இருக்கோணுமில்ல?” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று சாயந்திரம் பாலுசாமியின் தேய்த்த சட்டைக்கு வேலை வந்தது. கலாமணி பட்டுச்சேலை கட்டினாள். தட்டைத் தூக்கிவரும் உரிமையை மட்டும் அருள்குமாருக்குக் கொடுத்தார்கள். இந்த முறை வாயைத் திறப்பது, ஃபிளெக்ஸ், ஸ்டேட்டஸ், சைகை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை போட்டார்கள்.

கோபாலசாமியின் மனைவி பங்காரம்மா கதவைத் திறந்தார். பட்டுச்சேலையையும் தட்டையும் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, “வாங்க வாங்க. உங்க பொண்ணைத்தான் அன்னிக்கு அந்த ஃபிளெக்ஸ்ல பாத்ததா இவரு…” என்று ஆரம்பித்தார். கோபாலசாமி பலமாக இருமினார். பங்காரம்மா கணவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், புரிந்துகொண்டார். “தண்ணி கொண்டு வாரனுங்க,” என்று உள்ளே போய்விட்டார்.

பாலுசாமி அதிகம் பேசுகிறவர் இல்லை. துண்டை இரண்டு முறை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“ஒரு நல்ல வெசயமுங்க. எங்க சொந்தத்துக்கெல்லாம் இனிமேல்தான் சொல்லோணும். மொதல்ல உங்ககிட்டச் சொல்லிப்போட்டுத்தான் மத்தவங்களுக்குன்னு வந்தமுங்க.”

அருள்குமார் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கோபாலசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு ஆவல். “அப்பிடீங்களா! என்ன வெசயமுங்க?”

“அம்மணி சொல்லட்டுமுங்க,” என்றார் பாலுசாமி.

லோகா ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஒரு இடம் காலியானது, விண்ணப்பம் போட்டது, நேர்முகத்துக்குப் போனது. முதலில் நாடகம் மாதிரிதான் இருந்தது, சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தாள். கோபாலசாமி விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். “அப்புறமுங்க?” என்றார். “அப்பிடியா கேட்டாங்க?” என்றார். பாதி தூரம் போனபின் நாடகம் எங்கே போனதென்று தெரியவில்லை. யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நேர்முகத்துல ஒரு கணக்கு குடுத்தாங்க சார். போட்டுக் காட்டினேன். இந்த முறையை யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. எங்க பிரின்சிபால் சார், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எடுத்தாருன்னு சொன்னனுங்க.”

கோபாலசாமி முன்னால் குனிந்தார்.

“எம்பேரையா சொன்னீங்க?”

“ஆமாங்க சார்.”

“அங்கயா?”

“ஆமாங்க.”

“அவிய என்ன சொன்னாங்க?”

“எழுதிக்கிட்டாங்க சார்.”

கோபாலசாமி எழுந்து ஜன்னல் பக்கம் போய், திரும்பி வந்தார். பங்காரம்மாவைக் கூப்பிட்டு அவர்கள் வீட்டுத் தெலுங்கில் என்னவோ சொன்னார். இருவருமாகச் சேர்ந்து நின்று தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். “ரொம்ப சந்தோசமுங்க. நேர்ல வந்து சொன்னீங்க பாருங்க, அது போதும்,” என்றார். கலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்.ஓ.சி.யுங்க சார்…” என்றாள் லோகா.

“அதுக்கென்னங்க அம்மணி. நாளைக்கு வாங்க.”

நால்வரும் உட்கார்ந்த இடத்திலேயே கல்லாகிப் போனார்கள். அருள்குமாரின் வாய் தடையை மீறித் திறந்தது, ஆனால் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

“காலைல எட்டரைக்கே வந்துருங்க,” என்றார் கோபாலசாமி. “சீல் ஆபீஸ்ல கெடக்குது, இல்லீன்னா இப்பவே குத்திக் குடுத்துருவேன். டி.சி.யும் போட்டு வெச்சுடச் சொல்றேன்.” பிறகு சற்றுத் தயங்கினார். “அந்தப் போட்டோ வெசயம்… இனி அதைப் போட முடியாதுங்களா?”

“போடுங்க சார்,” என்றாள் லோகா. “மொத வருசம் இங்க படிச்சேன்னு போடுங்க. உண்மைதானுங்களே?”

கோபாலசாமியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எங்களிடம் படித்தால் கோயம்புத்தூரில் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று சொல்லலாம். அட்மிஷனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? “பஸ்ஸுக்குப் பின்னாலன்னா ஸ்டிக்கர்ல அடிக்கோணுமுங்க சார்,” என்று அருள்குமார் சொல்ல ஆரம்பித்ததும் கலாமணி அவர் தொடையைக் கிள்ளினாள்.

சனிக்கிழமை காலையில் சீல் விழுந்தது. மாமாவின் வேனில், பின்னால் கட்டைகள் கடகடக்க, அப்பாவும் மகளும் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தார்கள். உக்கடத்தில் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, லோகா கடிகாரத்தையும் மாமாவையும் மாற்றி மாற்றி முறைத்து, ஒருவழியாகப் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆபீஸ் ஜன்னலில் கையை நீட்டினாள். உள்ளே இருந்த அம்மாள் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“லோகப்பிரியா நீங்கதானா? வந்துட்டீங்களா, நல்லது. அடுத்த பொண்ணு காலைல இருந்து ரெண்டு தடவை போன் பண்ணிருச்சு.”

லோகாவுக்குச் சங்கடமாக இருந்தது. “பாவமுங்க. சீட் காலியாச்சான்னு கேட்டாங்களாங்க?”

“அதுதான் இல்ல. நீங்க வந்து சேந்துட்டீங்களான்னு கேக்குது. ‘வழியில வந்துக்கிட்டு இருக்கா மேடம், சித்தெ முன்னப் பின்ன ஆனாலும் பொறுத்துக்கங்க’ன்னு சொல்லுது. நானும் எத்தனையோ வருசமா இந்த ஜன்னல்ல உக்காந்திருக்கேன். இப்படி ஒரு வெயிட்டிங் லிஸ்ட்டை நான் பாத்ததில்ல. அதுவும் உங்க காலேஜ் பொண்ணுதானாமே?”

பேரை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேர்முகம் நடந்த அந்த வாரம் உக்கடத்தில் மாமி வீட்டுக்குப் போவதாகச் சாயிரா சொன்னது லோகாவுக்கு ஞாபகம் வந்தது. நேர்முகத்தை ஆளுக்கொரு நாளாகத்தான் வைத்திருந்தார்கள். ‘நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள’ என்று அவள் சொன்னாளே. அந்தக் கெடுவை லோகா அவளிடம் சொல்லவே இல்லை. பிரிவில் ஃபிளெக்ஸைக் கழற்றச் சொன்னதும் அவள்தான். தட்டோடு போகச் சொன்னதும் அவள்தான். சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலே போதும், இந்த ஜன்னலுக்கு முன்னால் இப்போது சாயிராதான் நின்றிருப்பாள்.

“கையெழுத்துப் போடுங்க அம்மணி,” என்றார் அந்த அம்மாள். லோகா போட்டாள். இவ்வளவு ஆசைப்பட்ட சந்தோஷம் வந்தது. அதோடு கூடவே இன்னொன்றும் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

திரும்பும் வழியில் உக்கடத்தில் வேனை நிறுத்தச் சொன்னாள். ஆப்பிள், மாதுளை, ஒரு சீப்பு பூவம்பழம், இனிப்பு வாங்கினாள். “ஒரு தட்டும் வேணுமுங்க மாமா.”

“எதுக்கு கண்ணு?”

“ஒரு ஊட்டுக்கு இன்னும் சொல்லல.”

அருள்குமாருக்கு ஏதோ கேட்கத் தோன்றியது. இந்த வாரத்தில் அவரும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார். பேசாமல் போய்த் தட்டு வாங்கிவந்தார்.

உடுமலையில் சாயிராவின் வீட்டுக் கதவை அவள் அம்மா பக்ருன்னிசா திறந்தார். “தட்டெல்லாம் எதுக்கும்மா? உள்ள வா கண்ணு,” என்று வழிவிட்டார். சாயிரா கட்டிலில் உட்கார்ந்து ஈரத் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். லோகா தட்டோடு நின்றதைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததுமே, ஆபீஸ் ஜன்னலில் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சீப்பைக் கீழே வைத்தாள்.

“வாங்க வாங்க. என்ன விசேசமுங்க?” என்றாள் சாயிரா.

லோகாவுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழத் தோன்றியது. அழவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணம் என்று புளுகிய நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். சாயிரா எந்த இடத்திலும் குறுக்கே பேசவில்லை. பிரிவில் நின்ற ஃபிளெக்ஸைக்கூட இப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “ரொம்ப சந்தோசமுங்க,” என்று இரண்டு கையாலும் தட்டை வாங்கி, ஒரு பழத்தை உரித்துப் பாதியை லோகாவிடம் கொடுத்தாள்.

அப்புறம் தோலைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“லோகா, நானும் உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்,” என்றாள். “யாருக்கும் சொல்லல. மொதல்ல உங்கிட்டத்தான்.”

லோகா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்பிடீங்களா!” என்றாள். “என்ன வெசயமுங்க?”